வெங்காய டிப்: தண்ணீரை ஜெயித்தால் பாதி வேலை முடிந்தது

சிப்ஸுக்கும் காய்கறித் துண்டுகளுக்கும் தொட்டுக்கொள்ளும் க்ரீமி வெங்காய டிப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் சமையல் பகுதியின் பதில்களும் இங்கே. டீஸ்பூன் என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. எல்லாமே குவிக்காமல் தலை தட்டிய அளவு.

கேள்வி: முதல்முறையாகச் செய்யப் போகிறேன். 8 பேருக்கு என்னென்ன வேண்டும்? எந்த வரிசையில் செய்வது?

பதில்: பெரிய வெங்காயம் அரைக் கிலோ, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், பூண்டு 2 பல், சார் க்ரீம் (புளிக்க வைத்த கெட்டியான பால் க்ரீம்) 250 கிராம், மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன். இதில் ஏறக்குறைய 450 கிராம் டிப் தேறும்.

வெங்காயத்தை அரை செ.மீ. சதுரங்களாக நறுக்குங்கள். நீள நீளமாக நறுக்கினால் வதங்கிய பிறகும் நார் நாராகவே இருக்கும். சிப்ஸில் எடுக்கும்போது நூல் மாதிரி தொங்கி, சட்டையில் விழும். அடி கனமான அகல வாணலியில் எண்ணெய், வெண்ணெய், வெங்காயம், உப்பு நான்கையும் போட்டு, மிதமான தீயில் 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, 30 முதல் 40 நிமிடம் விட்டு விட்டுக் கிளறுங்கள். அடர்ந்த தேன் நிறம் வந்து, அரைக் கிலோ 130, 140 கிராமாகச் சுருண்டிருக்க வேண்டும். பூண்டைத் தட்டிக் கடைசி 2 நிமிடத்தில் சேர்த்தால் போதும். முன்பே போட்டால் கருகிக் கசக்கும். சோயா சாஸையும் அப்போதே ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

அடுத்ததுதான் பலரும் அவசரப்படும் இடம். வதக்கியதைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். தொட்டால் கை வெதுவெதுப்பை உணரவே கூடாது. சூடாகக் கொட்டினால் சார் க்ரீம் இளகி ஓடும்; சில சமயம் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகவும் போகும். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பழைய கெட்டி திரும்பாது. ஆறியதும் மற்றவற்றோடு கரண்டியால் கலந்து, குறைந்தது 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பரிமாறுங்கள்.

கேள்வி: 15 நிமிடத்தில் வதக்கிவிடலாம் என்று படித்துச் செய்தேன். ஓரமெல்லாம் கருத்துவிட்டது, ஆனால் இனிப்பே வரவில்லை. எங்கே தவறு?

பதில்: 15 நிமிடம் என்று எழுதியவர் மேல்தான் தவறு. வெங்காயத்தின் எடையில் 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வாணலிக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; வெங்காயம் வேகும், சிவக்காது. சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் உண்டாவதற்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். சுமார் 140 டிகிரியில்தான் அது வேகம் பிடிக்கும். தீயைக் கூட்டினால் என்ன ஆகிறது? மெல்லிய ஓரங்கள் மட்டும் காய்ந்து கருகுகின்றன, நடுப்பகுதி இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. கையில் கிடைப்பது ஒரே நேரத்தில் பச்சை நெடியும் கரிந்த கசப்பும்.

கிளறுவதிலும் பக்குவம் உண்டு. முதல் 20 நிமிடம் எப்போதாவது கிளறினால் போதும். அதன் பிறகு வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்ட ஆரம்பிக்கும். பதறாதீர்கள், டிப்பின் ருசியில் பெரும்பங்கு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டினால் அது கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துகொள்ளும். மறுபடி ஒட்டும், மறுபடி தெளியுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. படலம் பழுப்பாக இருக்கும்போதே சுரண்ட வேண்டும். கறுத்துவிட்டால் அதைத் தொடாமல் வெங்காயத்தை வேறு வாணலிக்கு மாற்றிவிடுங்கள். நான்ஸ்டிக்கில் படலம் சரியாக ஒட்டாது, ஆகவே ருசி ஒரு மாற்றுக் குறைவுதான்.

நேரம் இல்லாதவர்கள் அரைக் கிலோவுக்கு அரைக்கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்க்கலாம். சோடாவால் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான தன்மை) கூடினால் பழுப்பாவது விரைவாகும். 10, 15 நிமிடம் மிச்சமாகும். ஆனால் வெங்காயம் குழைந்து கூழாகும், அளவு கூடினால் சோப்பு வாடையும் வரும். டிப்புக்கு என்பதால் கூழானாலும் பாதகமில்லை. இருந்தாலும் நாங்கள் நேரத்தைத்தான் கொடுப்போம்.

கேள்வி: சார் க்ரீமுக்குப் பதிலாகத் தயிர் சேர்த்தேன். செய்தபோது கெட்டியாக இருந்தது, இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிட்டது. ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள், இரண்டையும் நீங்கள் தடுக்கலாம்.

சார் க்ரீமில் பொதுவாக 18 முதல் 20 சதவீதம் கொழுப்பு. முழுப்பால் தயிரில் 3, 4 சதவீதம்தான்; மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். தயிர் உறையும்போது பால் புரதம் ஒரு வலை பின்னி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கரண்டி பட்டதும் வலை அறுகிறது, தண்ணீர் கசிகிறது. எனவே தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றுங்கள். 600 கிராம் புளிக்காத தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 6 முதல் 8 மணி நேரம் வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். 250 முதல் 300 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும். மயோனைஸ் 4 மேசைக்கரண்டியோடு 2 மேசைக்கரண்டி ஃப்ரெஷ் க்ரீமும் சேர்த்தால் கொழுப்புக் குறை தெரியாது. தயிரிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம் மிக்ஸி. வழுவழுப்பாக வரட்டும் என்று வடித்த தயிரை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுவார்கள். மிச்சமிருந்த வலையும் அறுந்து, கெட்டித் தயிர் கண்ணெதிரே மோராகும். கரண்டியால் மடித்து மடித்துக் கலப்பதோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே நீர்த்துப்போன டிப்பைக் காப்பாற்ற, மேலே நிற்கும் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்த க்ரீம் சீஸ் 50 கிராமைத் தனியாகக் குழைத்துச் சேருங்கள். சோள மாவு வேண்டாம். வேகாத மாவு நாக்கில் ஒட்டும்.

கேள்வி: வதக்காமல் பச்சை வெங்காயத்தை அரைத்துச் சேர்த்தால் என்ன? ஒருமுறை செய்தேன், மறுநாள் கசந்தது.

பதில்: அரைத்ததுதான் வினை. வெங்காயத்தின் செல்களில் ஒரு நொதியும் கந்தகச் சேர்மங்களும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டும்போது இரண்டும் கலந்து காரமும் நெடியும் பிறக்கும். கூரான கத்தி சில செல்களை மட்டும் வெட்டுகிறது. மிக்ஸி எல்லாவற்றையும் நசுக்குகிறது. அந்த நெடி க்ரீமில் ஊற ஊறக் கூடுமே தவிரக் குறையாது.

பச்சை வெங்காயத்தின் கரகரப்பு வேண்டுமென்றால் 250 கிராம் சார் க்ரீமுக்கு 2 மேசைக்கரண்டி போதும். பொடியாக நறுக்கி, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் போட்டு அலசி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் கலக்குங்கள். அதிலும் உப்பு பட்டதும் தண்ணீர் விடும் என்பதால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: வெங்காய சூப் பொடியைக் கலந்தால் போதும் என்கிறார்களே, அது சரியான முறையா?

பதில்: சரியான முறை மட்டுமல்ல, மூத்த முறையும் அதுதான். 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸில் யாரோ ஒருவர் லிப்டன் வெங்காய சூப் பொடியை சார் க்ரீமில் கலக்கப்போய், 'கலிஃபோர்னியா டிப்' என்று பெயர் பரவியது. 1958-ல் அந்த நிறுவனம் செய்முறையைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டது. கலந்தவர் பெயர் மட்டும் பதிவாகவில்லை, பாவம்.

450 கிராம் சார் க்ரீமுக்கு 28 முதல் 30 கிராம் பொடி. உலர்ந்த வெங்காயச் சீவல்கள் ஈரத்தை இழுத்து மிருதுவாகக் குறைந்தது 2 மணி நேரம் ஆகும். அதற்கு முன் சாப்பிட்டால் பல்லில் கரகரவென்று அகப்படும். இதில் உப்பு தாராளமாக இருப்பதால் தனியே உப்பு வேண்டாம். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: பொருள் பட்டியலில் சோள மாவு முதலில் இருந்தால் அது கொதிக்க வைத்துக் குடிப்பதற்கான பொடி, டிப்புக்கு ஒத்துவராது.

கேள்வி: சிவப்பு வெங்காயத்தில் செய்தபோது டிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு மாதிரி ஆகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. சமையல் சோடா சேர்த்திருப்பீர்கள். சிவப்பு வெங்காயத்தின் நிறமி புளிப்பில் சிவக்கும், சோடாவின் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகும். சோடா இல்லாமலே சற்று மங்கலாகத்தான் தெரியும். நிறம் முக்கியமென்றால் மஞ்சள் அல்லது வெள்ளைத் தோல் வெங்காயம் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவர் பால் பொருள் சாப்பிடமாட்டார். முட்டையும் கூடாது. அவருக்கும் செய்ய முடியுமா?

பதில்: முடியும். சார் க்ரீமுக்கும் மயோனைஸுக்கும் பதிலாக, முந்திரி 150 கிராமைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, 100 மி.லி. புதுத் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து 3, 4 நிமிடம் அரையுங்கள். விரலில் தேய்த்தால் மணல் போல் நெருடக் கூடாது. இங்கே மிக்ஸி தாராளமாக ஓடலாம், அறுவதற்கு வலை இல்லை. ஃப்ரிட்ஜில் இது மேலும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே எடுங்கள். வெங்காயத்தை வெண்ணெய் இல்லாமல் எண்ணெயில் மட்டும் வதக்க வேண்டும். முந்திரி ஒவ்வாமை உள்ளவருக்கு, 300 கிராம் மிருதுவான டோஃபுவைத் தண்ணீர் வடித்து இதே மாதிரி அரைக்கலாம்.

கேள்வி: 25 பேர் வருகிறார்கள். எவ்வளவு செய்வது, எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம்?

பதில்: டிப் ஒன்றே ஒன்று என்றால் தலைக்கு 50 முதல் 60 கிராம். மேலே சொன்ன அளவைப்போல் மூன்று மடங்கு செய்தால் 1.35 கிலோ, சரியாக இருக்கும். வேறு டிப்களும் இருந்தால் இரண்டு மடங்கு போதும். ஒன்றரைக் கிலோ வெங்காயத்தை ஒரே வாணலியில் மலை மாதிரி குவிக்காதீர்கள். அடியில் வரும் நீராவி மேலே உள்ளதை அவித்துவிடும், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் சிவக்காது. இரண்டு வாணலியில் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது முதல் நாளே வதக்கி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் மிதக்கிறதே என்று வதக்கிய வெங்காயத்தை வெளியே வைக்க வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் ஆபத்தான கிருமி வளர வாய்ப்பு உண்டு.

மேசையில் வைத்தால் 2 மணி நேரம்தான் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் வைக்காமல் 300 கிராம் கிண்ணங்களாக எடுத்து வைத்து, காலியானதும் புதுக் கிண்ணம் வையுங்கள். பழையதன் மேலேயே புதியதைக் கொட்டக் கூடாது, கடித்த சிப்ஸை மறுபடி தோய்ப்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். மேசைக்குப் போகாத டிப் ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் நன்றாக இருக்கும்.

கேள்வி: ஃப்ரீஸரில் வைக்கலாமா?

பதில்: டிப்பை வைக்காதீர்கள், உருகும்போது திரித்திரியாகப் பிரியும். வதக்கிய வெங்காயத்தை மட்டும் ஐஸ் தட்டில் உறைய வைத்தால் 3 மாதம்வரை எடுத்து எடுத்துப் பயன்படுத்தலாம்.

கேள்வி: கலக்கியபோது உப்பு சரியாக இருந்தது. விருந்தில் சிலர் சப்பென்று இருக்கிறது என்றார்கள், சிலர் உப்புக் கரிக்கிறது என்றார்கள்!

பதில்: இரு தரப்பும் சொன்னது உண்மைதான். குளிர்ந்த பண்டத்தில் உப்பும் மணமும் மந்தமாகத் தெரியும், ஆகவே வெள்ளரித் துண்டோடு சாப்பிட்டவருக்குச் சப்பென்று இருந்திருக்கும். உப்பு தூவிய சிப்ஸோடு சாப்பிட்டவருக்குக் கரித்திருக்கும். 2 மணி நேரம் குளிர்ந்த பிறகு, எதோடு பரிமாறப் போகிறீர்களோ அதில் தோய்த்தே ருசி பாருங்கள். சப்பென்றால் உப்புக்கு முன் எலுமிச்சைச் சாறு கால் டீஸ்பூன் விட்டுப் பாருங்கள், பல சமயம் குறை புளிப்பில்தான் இருக்கும். கரித்தால் உப்பில்லாத சார் க்ரீம் சேர்ப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கேள்வி: டிப்பில் விட்டதும் சிப்ஸ் உடைந்துபோகிறது. என்ன செய்ய?

பதில்: டிப் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒரு விநாடி தயங்கி, பிறகு தொப்பென்று விழ வேண்டும். ஒட்டிக்கொண்டே நின்றால் பால் ஒவ்வொரு டீஸ்பூனாக விட்டுத் தளர்த்துங்கள். பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன் வெளியே எடுத்து வைத்தாலே பாதி சரியாகும். காகிதம் போன்ற மெல்லிய சிப்ஸைவிட வரி வரியாக மடிப்புள்ள தடித்த சிப்ஸ் தாங்கும். கேரட், வெள்ளரி வைப்பதானால் கழுவிய ஈரத்தைத் துணியால் துடைத்து, வெள்ளரியின் விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பத்துப் பேர் தோய்ப்பதற்குள் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் கட்டிவிடும்.