சிகரெட்டை விட்டு 12 நாள்: மனச்சோர்வும் குமட்டலும் தாங்க முடியவில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடித்தவர் நீங்கள். சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார், சிகரெட்டை விட்டு 12 நாள் ஆகிறது. மாத்திரை போட்ட அரை மணியில் குமட்டுகிறது, ராத்திரி முழுக்கக் கன்னாபின்னாவென்று கனவு, பகலில் எதிலும் ஒட்டாத மனசு. "உனக்கு மனஉறுதி இல்லை, அதான் இப்படி" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுத் தலைசுற்றுகிறது என்று சொல்பவரிடம் யாரும் மனஉறுதி பற்றிப் பேசுவதில்லை. சிகரெட்டை விடுகிறவருக்கு மட்டும் அந்தப் பேச்சு. உங்களுக்கு வந்திருப்பது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், பெரும்பகுதியைச் சரிசெய்ய வழி இருக்கிறது. நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. உங்கள் டாக்டரிடம் சரியான கேள்விகளோடு போவதற்காக எழுதுகிறேன், அவரைத் தாண்டிப் போவதற்காக அல்ல.

நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சில ஆபத்தான அறிகுறிகள் வந்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும், அவை கீழே இருக்கின்றன. மற்றபடி முதல் வேலை, எது எதனால் வருகிறது என்று பிரிப்பது. இப்போது மூன்று தனித்தனிச் சரக்கு ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கிறது: நிகோட்டின் நின்றதால் வருவது, புது மாத்திரையால் வருவது, புகை நின்றதால் காபியும் பழைய மருந்துகளும் உடம்பில் கூடிப்போய் வருவது. மூன்றாவதைப் பற்றி மருந்துக் கடையிலும் சொல்வதில்லை, பல ஆஸ்பத்திரிகளிலும் சொல்வதில்லை.

பிரிக்க ஒரு நல்ல சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. வரெனிக்லினை சிகரெட்டை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவார்கள். முதல் 3 நாள் அரை மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ம் நாள் வரை அரை மி.கி. இரண்டு வேளை, 8-ம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். அந்த முதல் வாரத்தில் நீங்கள் புகைத்துக்கொண்டும் இருந்தீர்கள். அப்போதே வந்த தொல்லை நிகோட்டின் நின்றதால் வந்திருக்க முடியாது, மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிகரெட்டை விட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ தொடங்கிய எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, கவனமின்மை பெரும்பாலும் நிகோட்டின் கணக்கு. காலண்டரை எடுத்து, மாத்திரை தொடங்கிய தேதி, சிகரெட்டை விட்ட தேதி இரண்டையும் குறித்து, ஒவ்வொரு தொல்லையும் எந்த நாளில் தொடங்கியது என்று எழுதுங்கள். பத்து நிமிட வேலை. டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் கிடையாது.

இனி குமட்டல். இது பெரும்பாலும் மாத்திரையின் வேலை. முழு அளவு சாப்பிடுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு அருகில் வரும். மாத்திரையை வெறும் வயிற்றில், காலை டீயோடு விழுங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பலரும் அப்படித்தான். டீயும் இரண்டு பிஸ்கட்டும் இதற்குச் சாப்பாடு ஆகாது. நாலு இட்லியோ, ஒரு கிண்ணம் பொங்கலோ வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த பிறகு மாத்திரை, மேலே ஒரு முழு டம்ளர் தண்ணீர், கிட்டத்தட்ட கால் லிட்டர். ஒரு மிடறு தண்ணீரில் விழுங்குவதுதான் பாதிக் குமட்டலுக்குக் காரணம் என்பேன். போட்ட உடனே படுக்கவும் வேண்டாம்.

சாயங்கால மாத்திரையில்தான் கனவுப் பிரச்சினை இருக்கிறது. நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு, படுக்கை பத்தரைக்கு. "சாப்பிட்ட பிறகு" என்று சீட்டில் எழுதியிருப்பதால் மாத்திரையும் ஒன்பதரைக்குப் போகிறது, அது உச்சத்துக்கு வரும் நேரமும் தூக்கமும் ஒன்றாகிவிடுகிறது. காலை 8 மணிக்கு ஒன்று என்றால் இரண்டாவதை மாலை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். அதற்காக ஆறு மணிக்கு இரண்டு அடையோ ஒரு தட்டு உப்புமாவோ சாப்பிட வேண்டும், ராத்திரி அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும், எனவே மூன்றரை மணி நேரம் முன்னால் நகர்த்துவதால் பலன் குறையாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்தும் குமட்டல் தணியவில்லை என்றால் டாக்டரிடம் அரை மி.கி. இரண்டு வேளையாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள். குறைந்த அளவும் வேலை செய்யும். நிறுத்துவதற்கும் முழு அளவைச் சகித்துக்கொள்வதற்கும் நடுவில் இப்படி ஒரு படி இருப்பது பலருக்குத் தெரியாமல், மாத்திரையை விட்டு, இரண்டு நாளில் சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், பாதிப்பு கடுமையாக இருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். மது பழக்கம் இருந்தால் கவனம்: வரெனிக்லின் சாப்பிடும்போது சிலருக்கு வழக்கமான அளவிலேயே போதை தலைக்கேறி, நடந்தது மறந்துபோகிறது, கோபம் வெடிக்கிறது.

இப்போது மனச்சோர்வு. "இந்த மாத்திரை ஆளைப் பைத்தியமாக்கும்" என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள், முன்கூட்டியே பதில் வைத்துவிடுகிறேன். 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது உண்மை. பிறகு 16 நாடுகளில் 8,144 பேரிடம் ஆய்வு நடந்து, 2016-ல் லான்செட் இதழில் வந்தது. பாதிப் பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். அந்த வரலாறு இல்லாதவர்களில் கணிசமான மனநலத் தொல்லை வரெனிக்லினில் 1.3 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 2.4 சதவீதம். வரலாறு உள்ளவர்களில் 6.5-ம் 4.9-ம். அந்த வித்தியாசமும் மருந்தால்தான் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்பது முடிவு, அதே ஆண்டு டிசம்பரில் கறுப்புக் கட்டம் எடுக்கப்பட்டது. கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வுதானே என்பீர்கள். ஆம், பணம் மருந்துக் கம்பெனிகளுடையது. ஆய்வை நடத்தச் சொன்னது கட்டுப்பாட்டு அமைப்பு. எண்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொல்லை வந்திருக்கிறது பாருங்கள், நான் சொல்ல வந்தது அதைத்தான். சிகரெட்டை விடுவதே மனசைக் கீழே இழுக்கும்.

வருஷக்கணக்காக நிகோட்டினுக்குப் பழகிய மூளையில், அது வந்து ஒட்டும் இடங்கள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். அவை பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் வேண்டும். சோர்வும் எரிச்சலும் முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறங்கும். 12-ம் நாள் என்பது இறங்க வேண்டிய காலத்தின் நடுவில். அதற்குப் பிறகு விட்டவர்களின் மனநிலை, தொடர்ந்து புகைப்பவர்களைவிட நன்றாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டியது ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: இடைவேளையை விட்டுவிடாதீர்கள். 15 சிகரெட் என்றால் நாளைக்குப் பதினைந்து முறை நாற்காலியை விட்டு எழுந்து, வெளியே வந்து, வெளிச்சத்தில் நின்று, ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக விட்டீர்கள். சிகரெட்டோடு சேர்த்து அத்தனையையும் வெட்டிவிட்டால் மனசு வாடாமல் என்ன செய்யும்? அதே நேரத்துக்கு எழுந்திருங்கள். டீக்கடைப் பக்கம் வேண்டாம், எதிர்த் திசையில் பத்து நிமிடம் வேகமாக நடங்கள். நடக்கும்போதே ஆசை இறங்குவது தெரியும். அதே ஆழமான மூச்சை வெறும் காற்றோடு பத்து முறை இழுத்து விடுங்கள். காலை வெயிலில் ஒரு நடை கட்டாயம். பசி கூடும், விடுகிறவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறும். அதற்குப் பயந்து இப்போது பட்டினி கிடக்காதீர்கள், பசியும் சிகரெட் ஆசையும் ஒரே மாதிரி இருக்கும், குழப்பிவிடும்.

மூன்றாவது சரக்கு. புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை (என்சைம்) வழக்கத்தைவிட வேகமாக ஓட வைக்கும். காபியில் இருக்கும் காஃபீனை அழிப்பதும் அதே நொதிதான். புகை நின்ற ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் இறங்கிவிடும். அப்போது நீங்கள் எப்போதும் குடிக்கும் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி, ரத்தத்தில் ஏறக்குறைய ஆறு டம்ளர் போல ஆகிவிடுகிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, காரணமில்லாத பயம். இதை "சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிகரெட்டுக்குப் பதில் என்று இரண்டு காபி கூடுதலாகவும் குடித்திருப்பீர்கள். இன்றே பாதியாக்குங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் காபியும் டீயும் வேண்டாம்.

காபியாவது தூக்கத்தைத்தான் கெடுக்கும். இதே நொதி அழிக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர் என்றால் ஆபத்தே வரலாம். மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின், மனச்சோர்வு, பதற்றத்துக்கான ஃபுளுவோக்சமின், டுலோக்சடின், மூச்சிரைப்புக்கு நம் ஊரில் பரவலாகக் கொடுக்கும் டெரிபிளின் மாத்திரையில் உள்ள தியோஃபிலின், எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். குளோசபின் அளவு ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்கு ஆகிவிடலாம்: அளவுகடந்த தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு வரைக்கும் போகும். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழலாம். நொதியை வேகமாக ஓட வைத்தது புகைதான், நிகோட்டின் அல்ல. எனவே நிகோட்டின் சூயிங்கம் மென்றாலும், தோலில் நிகோட்டின் பட்டை ஒட்டினாலும் அந்த வேகம் இறங்கத்தான் செய்யும்.

சூயிங்கம் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை, "எரியுது, விக்கல் வருது" என்று பாதியில் தூக்கிப்போடுவது அதைத்தான். பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. காரமும் சுருக்கும் நாக்கில் தெரியும்வரை மெதுவாகப் பத்துப் பதினைந்து கடி, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து ஒரு நிமிடம். காரம் அடங்கியதும் மறுபடி சில கடி, இந்த முறை அடுத்த கன்னத்தில். அரை மணி நேரம். நிகோட்டின் உறிஞ்சப்பட வேண்டியது வாய்ச் சதையில். எச்சிலோடு வயிற்றுக்குப் போனால்தான் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, எலுமிச்சை ஜூஸ் கூடாது, புளிப்பு உறிஞ்சுதலைத் தடுத்துவிடும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 2 மி.கி. பத்தாது, 4 மி.கி. வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

சிகரெட்டை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியான் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. 150 மி.கி. மாத்திரை, இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 8 மணி நேரம். நாக்கு வறட்சியும் தூக்கமின்மையும் வரும். இந்த மாத்திரையை உடைக்கவே கூடாது. நம் ஆட்கள் மாத்திரை பெரிதாக இருந்தால் அரிவாள்மணையில் பாதியாக்கிவிடுவார்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கினால் வலிப்பு அபாயம் கூடும். வலிப்பு நோய் உள்ளவரும், குடியைத் திடீரென நிறுத்துபவரும் தொடவே கூடாது.

இங்கே ஒரு ஆற்றாமையைச் சொல்லியாக வேண்டும். 10 மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்து 4 கொடுக்கிறார்கள் கடைகளில். காலாவதித் தேதி ஒரு துண்டில், மருந்தின் பெயர் இன்னொரு துண்டில். உள்ளே இருந்த தாள் குப்பைக்குப் போகிறது, போகாவிட்டாலும் அது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். "சாப்பிட்ட பின் முழு டம்ளர் தண்ணீருடன்" என்ற ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் உங்கள் கேள்வியில் பாதி வந்திருக்காது. முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள்.

உடனே நிறுத்த வேண்டும் என்று நான் சொன்ன அந்த அறிகுறிகள்: செத்துப்போகலாம் என்ற எண்ணம், இதுவரை இல்லாத ஆவேசம், இல்லாதது தெரிவது கேட்பது. இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரை வேண்டாம், அன்றே டாக்டர், தனியாக இருக்கவும் வேண்டாம். டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். முகம், உதடு வீக்கம், தோல் உரிதல், வலிப்பு என்றாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மனச்சோர்வு மட்டும் என்றால், இரண்டு வாரம் தாண்டியும் நாளுக்கு நாள் கூடினால், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால் அதற்கும் முன்பே. நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் மாத்திரையைத் தொடருங்கள், அன்றைக்கே மறுபடி விட்டுவிடுங்கள். ஆசை வரும்போது பேச ஆள் வேண்டுமென்றால், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

நீங்கள் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நாளைக்கு எத்தனை காபி என்று கேள்வியில் இல்லை. அந்த இரண்டையும், காலண்டரில் குறித்த தேதிகளையும் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.