கூட்டமில்லாத மலையில் பனிச்சறுக்கு: கேட்டதும் சொன்னதும்

பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் சின்ன, சந்தடியில்லாத மலைகளில்தான். பதில்களில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறோம் அக்கா. பேர் பெற்ற பெரிய இடமா, அமைதியான சின்ன இடமா?

சின்ன இடம்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு விழுவதைவிட, பின்னால் யாராவது வந்து இடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அதிகம். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் இன்னும் நாலு தடவை இறங்கிவிடலாம் என்பது வேறு. ஆனால் 'அமைதி' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சரிவுகளின் வரைபடத்தைப் பாருங்கள். மேலிருந்து அடிவாரம் வரை வர ஒரு எளிய பாதையாவது இருக்கிறதா? இல்லையென்றால் மூன்றாம் நாளும் குழந்தைகளோடு அதே மேட்டில்தான் நிற்பீர்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஸ்விட்சர்லாந்தின் மியூரன். 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கிற, சுற்றுலாக்காரர் கார் நுழையாத ஊர். எதிரே ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள். கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் பந்தயத்தை 1922இல் ஆர்னால்ட் லன் நடத்தியது அங்கேதான். இவ்வளவு சொல்லிவிட்டு, முதல் தடவைக்கு அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். சரிவுகள் கொஞ்சம் செங்குத்து.

காலில் மாட்டிய ஸ்கீ பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து நிறுத்தப் பார்க்கிறேன். நிற்காமல் வேகம் கூடுகிறது. என்ன தப்பு?

பின்னால் சாய்கிறீர்கள். பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு தானாகவே மலைப்பக்கம் ஒதுங்கும். எடை குதிகாலுக்குப் போனால் ஸ்கீயின் முன்பாதி பனியைப் பிடிக்காது. பிடிக்காத ஸ்கீ திரும்பாது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போன கணத்தில் பின்னால் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. விரித்து நிறுத்துவது மெதுவான சரிவுக்கு மட்டும். செங்குத்து கூடக் கூடத் தொடை எரியுமே தவிர வேகம் குறையாது. உண்மையான பிரேக், திருப்பத்தை முழுசாக முடிப்பதுதான். ஸ்கீ சரிவுக்குக் குறுக்கே வரும்வரை, இன்னும் கொஞ்சம் மேட்டைப் பார்க்கும்வரை திருப்பிக்கொண்டே போங்கள். வேகம் தானாக அடங்கும். பாதித் திருப்பத்தில் பயந்து அடுத்ததுக்குத் தாவுவதால்தான் ஒவ்வொரு வளைவிலும் வேகம் சேருகிறது. ஆளில்லாத அகலமான சரிவு இதைப் பழக ரொம்ப நல்லது. ஓரத்திலிருந்து ஓரம் வரை உங்களுடையதுதானே!

வாடகை பூட்ஸ் காலைக் கடிக்கிறது. இரண்டு சாக்ஸ் போடலாமா?

கூடாது. மெல்லிசாக ஒன்றே ஒன்று. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு.

கடையில் என் எடையைக் கேட்டார்கள். எதற்கு?

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை எவ்வளவு இறுக்குவது என்று கணக்குப் போட. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், எப்படிச் சறுக்குவீர்கள் என்பது, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வரும். வெட்கப்பட்டு ஐந்து கிலோவைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் ஸ்கீ கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொன்னால், கழல வேண்டிய நேரத்தில் கழலாது. இரண்டாவது பொய்தான் முழங்காலுக்கு ஆபத்து.

இங்கே எங்கள் வீட்டுக்காரர் நீலப் பாதையில் நன்றாகவே இறங்கினார். வேறு மலையின் நீலமும் அப்படித்தானே?

இல்லை. ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். வட அமெரிக்காவிலோ எளிதுக்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம். தவிர, நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுக் கொடுப்பது. ஐயாவை முதல் நாள் ஒரு படி கீழேயே தொடங்கச் சொல்லுங்கள்.

பாதைக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே யாரும் தொடாத பனி. ஆசையாக இருக்கிறது.

எனக்கும்தான் தம்பி. ஆனால் பனி மொத்தமாகப் பெயர்ந்து சரிந்து ஆளைப் புதைக்குமே, அந்தப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை சாய்வில் கிளம்புகின்றன. சறுக்க அருமையாக இருப்பதும் அதே சாய்வுதான். பனிச்சரிவு ஆபத்து எச்சரிக்கை 1 முதல் 5 வரை. 3 என்றால் 'நடுவில்தானே' என்று நினைக்கிறார்கள். உயிர்ச்சேதம் நிறைய நடப்பது அந்த மூன்றில்தான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குள் வெளியிலிருந்து உதவி வந்து சேர்வது கடினம். கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். புதைந்த ஆளைத் தேட சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் எல்லோரிடமும் இருந்து, பயிற்சியும் இருந்தால் வழிகாட்டியோடு போங்கள். மரத்தடியிலும் கிளைகளுக்குக் கீழே பனி உள்ளீடற்றுக் கிடக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக எழ முடியாது.

மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் வேண்டுமா?

வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியில் தடவ மறக்காதீர்கள், எல்லோரும் வேகிற இடம் அது.

தனியாகச் சறுக்கலாமா?

திறந்திருக்கிற பாதைகளில் சறுக்கலாம். ஆனால் ஆளில்லாத மலையில் விழுந்தால் பார்க்கவும் ஆளிருக்காது. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி லிஃப்ட் நேரம் தெரிந்திருக்கட்டும். பாதை மூடிய பிறகு அங்கே நிற்காதீர்கள், பனியைச் சமன்செய்யும் வண்டிகள் இருட்டில் எஃகுக் கயிறு கட்டி ஏறும். மீட்புக் குழுவின் எண்ணைக் காலையிலேயே போனில் ஏற்றி, போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளிப்பையில் குளிருக்கு பேட்டரி படுத்துவிடும்.