வீவக வீட்டில் உட்கார்ந்து பழைய ராணுவ டிராக்டர் மாடல் கட்ட முடியுமா? கட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

கேட்டவர் கூடுதலாகச் சொன்ன விவரம் இது: கையில் 1/35 அளவு (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் ‘குவாட்’ டிராக்டர் கிட், அதாவது ஒட்டிக் கட்டும் பாகங்கள் உள்ள பெட்டி, இருக்கிறது. இதுவரை கார் மாடல்கள்தான் கட்டியிருக்கிறார். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி மூவறை வீடு, தனி மேசைக்கு இடமில்லை. எங்கே ஆரம்பிப்பது, எதில் சொதப்புவோம் என்று கேட்கிறார்.

இதே வண்டியை நான் கட்டி முடித்திருக்கிறேன். ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் கோபித்துக்கொண்டு பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிராக்டர் என்றதும் சிலர் ஏர் உழும் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமாவே, “எங்கே கலப்பை?” என்றார். இது பீரங்கியை இழுக்கும் வண்டி. பிரிட்டனின் மோரிஸ் கம்பெனி 1939லிருந்து செய்தது. நான்கு சக்கரங்களும் உந்துவதால் குவாட் என்று பெயர். நான்கு சிலிண்டர், மூன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 70 குதிரைத்திறன். முதுகு பின்பக்கம் சரிந்து, வண்டு குந்தியிருப்பது மாதிரி இருக்கும். பார்த்தால் கவச வண்டி போலத் தோன்றும், ஆனால் வெறும் தகடுதான். அதன் பின்னால் 32 குண்டுகள் அடுக்கும் லிம்பர் பெட்டி, அதற்கும் பின்னால் 25 பவுண்டு எடைக் குண்டு சுடும் ‘25 பவுண்டர்’ பீரங்கி. மூன்றும் கோத்தால்தான் ரயில் மாதிரி முழு உருவம் வரும். உங்கள் கிட்டில் வண்டி மட்டும் இருந்தால் மற்ற இரண்டையும் தேடிப் பிடியுங்கள். தனியாக நிற்கும் குவாட், மாடில்லாத வண்டி மாதிரி இருக்கும்.

அந்தப் பீரங்கியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேசிய தின அணிவகுப்பில் அதிபருக்கு 21 முறை முழங்குவது இந்த 25 பவுண்டர்தான்.

நான் தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை) பீரங்கிப் படை. காத்திப் முகாம், எஃப்எச்-2000 பீரங்கி. நேரடிச் சுடுபயிற்சிக்கு நியூசிலாந்தின் வையோருவுக்குக் கூட்டிப் போனார்கள். முதன்முறையாக வாயிலிருந்து புகை வரும் குளிரைப் பார்த்தேன். அங்கே புரிந்தது ஒன்றுதான். பீரங்கிக்காரனுக்குப் பீரங்கி வேலை, இழுக்கிற வண்டிதான் வீடு. சாப்பாட்டுத் தட்டு அதில், ஈர சாக்ஸ் அதன் கண்ணாடியில் காயும், தூங்குவதும் அதில்தான். குவாட்டில் ஓட்டுநரோடு சேர்த்து ஆறு பேர். அவர்கள் மூட்டை முடிச்சு எல்லாம் அந்த வண்டு வயிற்றுக்குள்.

ஆகவே டாங்கி மாடல் கட்டுகிறவர் சொல்லும் யோசனையை இதற்கு அப்படியே எடுக்காதீர்கள். டாங்கி மூடிய பெட்டி, வெளியே பார்த்துக்கொண்டால் போதும். குவாட்டுக்கு ஜன்னல் உண்டு. உள்ளே இருக்கையும் தரையும் தெரியும். முழுக்க ஒட்டி முடித்து மேலே சாயம் அடிக்கலாம் என்று நினைத்தால், உள்ளே வெறும் பிளாஸ்டிக் பளபளக்கும். முதலில் உள்பக்கம் சாயம், அழுக்கு எல்லாம் முடியுங்கள். பிறகு இரண்டு போர்வைச் சுருள், ஒரு தண்ணீர்ப் பை, ஒரு ஹெல்மெட் போட்டுவிட்டுக் கூரையை மூடுங்கள். போர்வைக்கு டிஷ்யூ பேப்பரைப் பசைத்தண்ணீரில் நனைத்துச் சுருட்டினால் போதும். கடையில் அதற்கென்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

கூரையை ஒட்டும் முன் பசை இல்லாமல் நாலு தடவை பொருத்திப் பாருங்கள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஒட்டியபின் வலது பக்கம் நகம் நுழையும் இடைவெளி. இடைவெளி அடைக்கும் ‘பட்டி’ பசையைப் பூசித் தேய்த்தே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்னொன்று, எதைச் செய்தாலும் 35ஆல் பெருக்கிப் பாருங்கள். இந்த 1/35 என்ற விநோத அளவே யாரும் திட்டம் போட்டு வந்ததில்லை. 1960களில் ஜப்பானின் தமியா மாடல் கம்பெனி மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி செய்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்கும்படி உருவத்தை வைத்தார்களாம். பிறகு கணக்குப் பார்த்தால் 1/35 வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. நிஜக் குவாட் சுமார் நாலரை மீட்டர் நீளம், உங்கள் மேசையில் 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீரங்கியின் குழல் வாய் நிஜத்தில் 87.6 மில்லிமீட்டர், உங்கள் கையில் இரண்டரை மில்லிமீட்டர்.

சரி, இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டின் ஓரத்தைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால், நிஜ வண்டியில் அது மூன்றரை சென்டிமீட்டர் இரும்பு! டாங்கிக்கு அது பொருந்தலாம். தகடு வண்டிக்குப் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும் உள்பக்கத்திலிருந்து உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குங்கள். நடுப்பகுதியைத் தொட வேண்டியதில்லை. அரைமணி நேர வேலை, ஆனால் பொம்மையாக இருந்தது வண்டியாக மாறும். நான் பார்த்தவரை இந்த ஒரு வேலையைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும்தான் பெரிய வித்தியாசம். பித்தளைப் பாகம், உலோகக் குழல் என்று நூறு வெள்ளிக்கு மேல்செலவு செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

என் கிட், சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடினார்களே, அதற்கு முந்தைய வருடம். யாரோ பாதி ஒட்டிக் கைவிட்டது, 15 வெள்ளி. பெட்டியில் இரண்டு பாகம் குறைவு, ஒட்டும் எண்கள் உள்ள டெக்கால் தாள் மஞ்சள் பாரித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டும்போது சோம்பல்பட்டு சூப்பர் குளூ போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் எல்லாக் கண்ணாடிக்கும் கண்புரை வந்ததுபோல வெள்ளை மூட்டம். அந்தப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் படிந்துவிடும். தேய்த்து, பாலிஷ் போட்டு, இரண்டைக் காப்பாற்றினேன். மற்றவற்றை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் வெட்டினேன், இட்லி வாங்கிய டப்பாவின் மூடி அது. கண்ணாடிக்கு எப்போதும் பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான். காய்ந்தால் தெளிவாகிவிடும்.

சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும். நம் ஊர் ஈரத்தில் திறந்த குப்பி சீக்கிரம் கல்லாகிவிடும். நான் சிலிக்கா பையோடு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன், தோசை மாவுக்குப் பக்கத்தில். டப்பாமேல் கொட்டை எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டிய பிறகுதான் வீட்டில் அனுமதி கிடைத்தது.

அதே ஈரம் சாயத்திலும் கைவைக்கும். லாக்கர் வகைச் சாயத்தை மழை பெய்த மாலையில், காற்றால் சாயம் தூவும் ஏர்பிரஷில் அடித்தேன். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துவிடும், காற்றின் ஈரம் அதன்மேல் படியும். கரும்பச்சை வண்டி விபூதி பூசியதுபோல வெளுத்தது. அப்படி ஆனால் பதறித் தேய்க்காதீர்கள். காய்ந்தபின், மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்த முறை சாயத்திலேயே அந்தத் தின்னரைக் கலந்துகொள்ளுங்கள், ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் குப்பி ஒன்று மாட்டுங்கள், மழை நாளில் வேறு வேலை பாருங்கள்.

எங்கே வைத்து அடிப்பது என்பதுதான் வீவக வீட்டில் பெரிய கேள்வி. படுக்கையறையில் ஏர்கான் உண்டு, ஈரம் குறைவு, ஆனால் நாற்றம் தலையணையில் ஏறும். பொது நடைபாதையில் அடித்தால் அண்டைவீட்டுக்காரருக்கு இடைஞ்சல். நான் சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கழியில் என் மனைவியின் காட்டன் சேலை காய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், அவளும் நம்பவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, முந்தானை முழுக்கப் பொடிப் பொடியாகப் பச்சை. மூன்று மாதம் பெட்டி அலமாரிமேல் போன கதை இதுதான். கோபித்துக்கொண்டது நான் என்று மேலே எழுதியது கொஞ்சம் மரியாதைக்காக.

இப்போது மடக்கு ஸ்ப்ரே பெட்டி வைத்திருக்கிறேன், அதன் குழாய் ஜன்னல் வழியாக வெளியே போகும். லாக்கர் என்றால் வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம், துணி முகக்கவசம் இதற்கு உதவாது. வீட்டில் குழந்தை இருந்தால் நீர் கலக்கும் அக்ரிலிக் சாயத்துக்கு மாறிவிடுங்கள். கம்ப்ரசரை இரவு பத்தரைக்கு மேல் ஓட்டாதீர்கள்.

மஞ்சள் டெக்காலுக்கு நம் ஊரிலேயே இலவச மருந்து இருக்கிறது. தாளை ஜிப் பையில் போட்டு மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். எனக்குப் பத்து நாளில் வெளுத்தது. பழைய டெக்கால் தண்ணீரில் போட்டதும் நொறுங்கும், அதனால் முதலில் தேவையில்லாத ஓர் எண்ணைச் சோதித்துப் பாருங்கள். காணாமல் போன பாகங்களில் ஒன்று இழுவைக் கயிறு. பழுதான சார்ஜர் வயரை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளை முறுக்கினேன். கிட்டில் வருவதைவிட அதுவே நன்றாக இருந்தது.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் துருவைக் கொட்டுகிறார்கள், நானும் கொட்டினேன். யோசித்துப் பாருங்கள், என் வண்டி நிற்பது மலாயாவில், அங்கே ஜப்பானியரோடு நடந்த போரே 1941 டிசம்பர் 8லிருந்து 1942 பிப்ரவரி 15 வரை, எழுபது நாள். அதற்குள் தகடு இற்றுப்போகாது. ஆனால் ஆறு பேர் பூட்ஸோடு ஏறி இறங்கும் கதவுப் படி தேயும். கைப்பிடி பளபளக்கும், அதற்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும். சக்கரத்துக்கு மேலே சேறு தெறிக்கும். வீடு என்று நினைத்தால் எங்கே அழுக்காகும் என்று உங்களுக்கே தெரியும்.

சேற்றுக்குத் தொட்டிச் செம்மண்ணை வறுத்து, தேநீர் வடிகட்டியில் இரண்டு முறை சலித்துப் பசையோடு குழைத்தேன். முதல்முறை ஒருதடவைதான் சலித்தேன். ஒரு மில்லிமீட்டர் மணல், பெருக்கினால் மூன்றரை சென்டிமீட்டர் கூழாங்கல். வண்டி ஆற்றுப்படுகையிலிருந்து வந்ததுபோல இருந்தது. தரையில் உதிர்ந்த சருகுக்குக் குடித்து முடித்த தேயிலைத் தூளைக் காயவைத்துத் தூவினேன்.

வண்டியை மலாயாவின் பேராக் மாநிலத்தில், ஒரு ரப்பர் தோட்டப் பாதையில் நிறுத்தியிருக்கிறேன். 1941 கடைசியில் காம்பாரில் நடந்த சண்டையில் 25 பவுண்டர்களும் ஜப்பானியரை நாலு நாள் தடுத்து நிறுத்த உதவின. என் தாத்தா அந்தப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். குச்சியில் பதினொரு மரம் செய்தேன். ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு, அதற்குப் பால் வடியும் கோப்பை. கோப்பைக்குப் பலதும் பார்த்துவிட்டுக் கடைசியில் கொத்தமல்லி விதைக்கு வந்தேன். அழுத்தினால் இரண்டாகப் பிளந்து, உள்ளே குழிந்த இரண்டு சின்னக் கோப்பை கிடைக்கும். அளவும் கச்சிதம்.

முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். சின்ன வயதில் தோட்டத்தில் தாத்தாவோடு வாளி தூக்கியவர். டிராக்டரையும் பீரங்கியையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்துக்கிட்டே குனிந்தார்.

“என்னடா இது, கோப்பை வெட்டுக்கு நேரா பக்கத்துல இருக்கு? வெட்டு முடியற இடத்துக்குக் கீழல்ல இருக்கணும். பாலெல்லாம் தரையில போகுமே.”

பதினொன்றையும் கழற்றி மறுபடி ஒட்டினேன்.