நீலகிரியில் தண்ணீர்ப் பரிசோதனை லேப்புக்கு டெக்னீஷியன் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டிருப்பது இதுதான்: கோத்தகிரி பக்கம் எஸ்டேட், பள்ளிக்கூடம், காட்டேஜ் போன்ற இடங்களின் குடிநீரைப் பரிசோதிக்கச் சிறிய லேப் ஒன்று தொடங்குகிறீர்கள். ஒரே ஒரு வாட்டர் குவாலிட்டி டெக்னீஷியன்தான் எடுக்க முடியும். கோவையில் பெரிய லேப்பில் இருந்த எம்.எஸ்சி. வேதியியல்காரரை எடுப்பதா, இங்கேயே படித்து முடித்த, அனுபவமில்லாத பி.எஸ்சி. பெண்ணை எடுப்பதா?

குன்னூரில் இதே மாதிரி ஒரு லேப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கிற பொறுப்பும் என்னுடையதுதான். என் பதில்: இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழையுங்கள். பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு சாம்பிள் பாட்டிலைக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்புங்கள். பாட்டிலைச் சரியாகக் கையாளுகிறவர், அல்லது ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொள்கிறவர் யாரோ, அவரை எடுங்கள்.

ரிசல்ட்டில் பாதி குழாயடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை விலை உயர்ந்த கருவி வாங்கி வைத்தாலும் தப்பாக எடுத்த சாம்பிளை அது திருத்தாது. பாக்டீரியா சோதனைக்கான பாட்டிலை ஸ்டெரிலைஸ் செய்து, உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டு வைத்திருப்போம். தண்ணீரில் இருக்கும் குளோரின், லேப்புக்கு வருகிற வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே வந்தால் உண்மை நிலவரம் தெரியாது. அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. விவரம் தெரியாதவர் ‘உள்ளே என்னமோ ஒட்டியிருக்கு’ என்று பாட்டிலை அலசிக் கொட்டிவிடுவார். இன்னொருவர் மூடியைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைப்பார். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடாமல் முதல் தண்ணீரையே பிடிப்பார். கழுத்து வரை நிரப்பிவிடுவார்; குலுக்கிக் கலப்பதற்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நல்ல கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லூரியில் தண்ணீர் எப்போதும் பீக்கரில் தயாராக வந்து நின்றிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எடுத்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைக்கிறாரா? ‘இந்தக் குளிருக்கு ஐஸ் எதுக்கு சார்’ என்று கேட்கிறவர்கள் நிறைய. பந்தலூரில் காலையில் எடுத்த சாம்பிள் குன்னூர் வந்து சேர மதியம் ஆகிவிடும். அத்தனை நேரமும் அது வெயிலில் நிற்கும் ஜீப்புக்குள் இருக்கும். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குவது நல்லது, எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் உட்கார வைத்துப் பேசுங்கள். நான் தவறாமல் கேட்கும் முதல் கேள்வி: ‘ஓர் ஊற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 60. குடிக்கலாமா?’ இந்த மலையில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. சமவெளி போர்வெல் தண்ணீரோடு ஒப்பிட்டால் நம் ஊற்றுத் தண்ணீர் மிகவும் மெல்லியது. உப்பு குறைவு, கடினத்தன்மை குறைவு. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு ‘மினரல் வாட்டரை விட சுத்தம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500-இல் டி.டி.எஸ். 500 வரை ஏற்கலாம். ஆனால் அதே தர அளவு, 100 மில்லி தண்ணீரில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. மேலே சரிவில் நாலு வீட்டு செப்டிக் டேங்க், கீழே ஊற்று என்பதுதான் நம் ஊர்களின் அமைப்பு. அந்தக் கழிவு மீட்டரில் தெரியாது. ‘இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது சார், மேலே என்ன இருக்குன்னு பார்க்கணும்’ என்று ஒருவர் சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது ஒரு கணக்கு. பத்தாயிரம் லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட வேண்டும், கையில் 25 சதவீத பிளீச்சிங் பவுடர் இருக்கிறது, எத்தனை கிராம்? 80 கிராம் என்று வர வேண்டும். விடை வந்த பிறகு, ‘மூட்டை பிரித்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது, இப்பவும் 80 தானா?’ என்று கேளுங்கள். ஈரம் பட்டால் பவுடர் வீரியம் இழந்துவிடும். மூட்டையில் அச்சடித்த சதவீதத்தை நம்பாமல் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கிறாரா என்பதற்குத்தான் இந்தக் கேள்வி. கணக்கில் ஒரு தடவை தடுமாறினால் பரவாயில்லை, பேப்பர் கொடுங்கள்.

கோவைக்காரரின் அனுபவத்தை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருந்தீர்கள். அனுபவம் உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் கீழே சமவெளியில் படித்த சில பழக்கங்கள் 1,800 மீட்டருக்கு மேல் அப்படியே செல்லாது. நீராவி அழுத்தத்தில் ஸ்டெரிலைஸ் செய்யும் ஆட்டோகிளேவை எடுத்துக்கொள்ளுங்கள். 15 பவுண்ட் அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. வெளியே காற்றழுத்தம் குறைவாக இருக்கிற ஊட்டியில், கேஜ் 15 காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டுமானால் கேஜில் 18, 19 வர வேண்டும். அதற்கு உங்கள் ஆட்டோகிளேவ் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். கேஜை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வெப்பநிலையைப் பார்க்கும் பழக்கம் உள்ளவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எச்2எஸ் குப்பியும் இப்படித்தான். தண்ணீரை ஊற்றி வைத்தால் மலக்கலப்பு இருக்கும் பட்சத்தில் கறுப்பாகும், 24 முதல் 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மலிவு, எளிது, பள்ளிக்கூடங்களில்கூடச் செய்யலாம். ஆனால் அந்தக் கிருமிகள் நன்றாக வளர 30 டிகிரி அளவுக்காவது வெப்பம் வேண்டும். சமவெளியில் மேசை மேலேயே வைத்துவிடலாம். டிசம்பரில் ஊட்டியில் ஜன்னல் ஓரம் வைத்தால் எத்தனை மோசமான தண்ணீரும் நிறம் மாறாமல் நிற்கும், நாமும் ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. இன்குபேட்டர் இல்லாமல் இந்தச் சோதனையை இங்கே செய்யவே கூடாது.

பி.எச். மீட்டரும் நம் தண்ணீரில் சட்டென்று நிலைக்காது. உப்பு குறைந்த தண்ணீரில் எலக்ட்ரோடு மெதுவாகத்தான் பதில் சொல்லும். நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண் இதே மாதிரி எண் நகர்ந்துகொண்டே இருந்தபோது, ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதாமல், ‘ஐந்து நிமிடம் ஆகியும் நிலைக்கவில்லை’ என்று எழுதி, கடைசியாகப் பார்த்த எண்ணையும் நேரத்தையும் பக்கத்தில் குறித்தார். முன் அனுபவம் எதுவும் கிடையாது. அவரைத்தான் எடுத்தோம், இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார்.

சரி, நேர்மையை எப்படிச் சோதிப்பது? ஒரே கேனிலிருந்து இரண்டு பாட்டில் நிரப்பி, ஒன்றில் ஒரு ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரும் மற்றதில் ஒரு ஹோட்டலின் பெயரும் எழுதிக் கொடுங்கள். கடினத்தன்மையை டைட்ரேட் செய்யச் சொல்லுங்கள், அதாவது நிறம் மாறும் வரை துளித்துளியாகக் கரைசல் விட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து, அதை அப்படியே எழுதினால் சந்தோஷம். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் இருந்தாக வேண்டும் என்று நினைத்து ஒரு எண்ணைத் தள்ளிப் போடுகிறவர் வேண்டாம். மூன்றாவது பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் வைத்துக் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஒன்றுமே இல்லை’ என்று தைரியமாகச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். இந்த இடத்திலேயே நிறம் பிரித்துப் பார்க்கும் பார்வையையும் கவனித்துக்கொள்ளுங்கள். டைட்ரேஷனில் ஒயின் சிவப்பு நீலமாக மாறுவதும், குளோரின் சோதனையில் இளஞ்சிவப்பின் அடர்த்தியும் கண்ணால்தான் தெரிய வேண்டும். யாருக்காவது அதில் சிரமம் இருந்தால் அதற்காக வேலையை மறுக்காதீர்கள். டிஜிட்டல் கலரிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் நேர்மையை ஆளிடம் மட்டும் எதிர்பார்த்தால் போதாது, நீங்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம், அறையெல்லாம் நிறைந்திருக்கிறது. ஒரு விடுதித் தொட்டியில் ஈ.கோலை வந்துவிடுகிறது. விடுதிக்காரர் டெக்னீஷியனுக்கே போன் போட்டு, ‘தம்பி, இன்னொரு தடவை பார்த்து நல்லபடியா எழுதுங்க’ என்பார். புதிதாக வேலைக்கு வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்த அழுத்தத்தை எப்படித் தாங்கும்? எங்கள் லேப்பில் வாடிக்கையாளர்களுக்கு டெக்னீஷியனின் நம்பரைக் கொடுப்பதில்லை, பேச வேண்டியதை என்னிடம்தான் பேச வேண்டும். மறுபடி பார்க்கச் சொன்னால் புதுச் சாம்பிள், புது எண். பழைய ரிசல்ட் அப்படியே நிற்கும். குறிப்பேட்டில் அழிப்பதும் கிடையாது, வெள்ளை மை தடவுவதும் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து. இதையெல்லாம் ஆள் சேரும் முதல் நாளிலேயே, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே தேடுவது? ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் கல்லூரி இரண்டிலும் வேதியியல், உயிரியல் பேராசிரியர்களிடம் நேரில் போய்ச் சொல்லி வையுங்கள். ஆன்லைன் விளம்பரத்தைவிட எனக்கு இதுதான் பலன் தந்திருக்கிறது. அப்புறம் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுப்பது வழக்கம். அவர்களில் பிளஸ் டூ அறிவியலோ பட்டப்படிப்போ முடித்தவர்கள் இருப்பார்கள். தங்கள் ஊர்த் தண்ணீரைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள்; அந்த ஆர்வத்தைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது.

படுக மொழி தெரிந்தால் பெரிய உதவி. எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்த இடத்தில் புதிதாகக் கட்டடம் வந்திருக்கிறது, எந்தத் தோட்டத்தில் இப்போதுதான் உரம் போட்டார்கள் என்பதை ஹட்டியில் இருக்கும் பெரியவர்கள் தங்கள் பேச்சில் கேட்பவரிடம் தாராளமாகச் சொல்வார்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் கீழே இருக்கிற ஊற்றில் நைட்ரேட் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலிருந்துதான் தெரியவரும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது புத்தகத்தில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை.

கோவைக்காரரையே எடுப்பதாக முடிவு செய்தால் தங்க இடத்துக்கு நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். சம்பளத்தை மட்டும் கூட்டிக் கொடுத்துவிட்டு, ஈரச் சுவர் அறையில் ஜூலை மாதம் தனியாக விட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

யாரை எடுத்தாலும் சில விஷயங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். நல்ல மழைக்கோட்டு, பிடிமானம் உள்ள பூட்ஸ், டைபாய்டு தடுப்பூசி, வண்டிச் செலவு. தொட்டிகள் பெரும்பாலும் சோலை ஓரத்தில் இருக்கின்றன. காலை நேரத்தில் காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடங்கள் அவை. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, துணைக்கு ஓர் ஆளோடு அனுப்புங்கள், குறிப்பாகப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். கழிவுநீர் சாம்பிள் வேண்டுமென்றால் மேலே நின்றபடி எடுக்கிற கம்பிக் கொக்கி போதும். செப்டிக் டேங்குக்குள் யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது; பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதையே, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக, எப்போது எடுப்பது. பிப்ரவரி, மார்ச்சில் ஆளைச் சேர்த்துவிடுங்கள். வறண்ட மாதங்களில் எல்லா ஊற்றையும் தொட்டியையும் ஒரு சுற்று நடந்து பார்த்து, மழையில்லாத நேரத்து அளவுகளைக் குறித்து வைத்துவிடுவார். ஜூனில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை இறங்கும், அக்டோபரில் உங்கள் கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் சாலை எப்போது அடைபடும் என்று தெரியாது, கோவைக்கு சாம்பிள் அனுப்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் மழை கலங்கலை அடித்துக்கொண்டு வரும்போது, கோடையில் இதே குழாயில் கலங்கல் எத்தனை என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தது என்று குறிப்பேட்டைப் புரட்டிச் சொல்ல உங்கள் டெக்னீஷியனால் முடிய வேண்டும்.