ஓட்டிப் பார்க்க 20,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: நான் திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இணைய விளம்பரத்தில் பார்த்த, நான்கு ஆண்டு ஓடிய 350 சிசி மோட்டார் சைக்கிளை 1,35,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றதும், முதலில் 20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்ப வேண்டும், ஒரிஜினல் லைசென்ஸைத் தன்னிடம் கொடுக்க வேண்டும், 'எந்தச் சேதம் ஆனாலும் நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறார் விற்பவர். ஓட்டும்போது தானும் பின்னால் உட்கார்ந்து வருவாராம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகவும் சொல்கிறார். இதற்குச் சம்மதிக்கலாமா?

பதில்: வண்டியையும் ஆர்.சி. புத்தகத்தையும் நேரில் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருப்பதாகவும் வெளியூருக்கு மாற்றலாகிவிட்டதாகவும் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது, பழைய வண்டி விளம்பரங்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. உங்களிடம் பேசியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை; முன்பின் தெரியாத ஒருவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற அவருடைய அச்சமும் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்கான மாற்று, அவர் வீட்டு வாசலில், அவர் எதிரில் கொடுக்கும் பணமாக இருக்க வேண்டுமே தவிர, முகம் பார்க்காமல் அனுப்பும் பணமாக இருக்கக் கூடாது.

பணத்தைவிட முக்கியமானது 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்ற அந்த வார்த்தை. 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு (பிறருக்கு நேரும் இழப்புக்கானது) கட்டாயம் என்பதால், நான்கு ஆண்டு ஓடிய வண்டியின் ஆவணத்தில் காப்பீடு இன்னும் நடப்பில் இருப்பதாகவே தெரியும். வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் திருட்டையும் ஈடுகட்டும் ஓன் டேமேஜ் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே எடுக்கப்பட்டு, அதன் பின் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். எனவே வண்டி விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் காப்பீட்டுத் தேதியைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், பாலிசியையே வாங்கி, இரண்டு பகுதிகளும் எந்தத் தேதி வரை இருக்கின்றன என்று தனித்தனியே படித்துப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும் உங்களிடம் பணம் வாங்குபவரின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டும்போது வேறொருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், தேர்டு பார்ட்டி காப்பீடு அந்த இழப்பீட்டை ஏற்றுக்கொள்ளும். உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமானது என்றால் இந்த வண்டியைத் தொடவே தொடாதீர்கள். அப்படி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும் நிலை வரலாம், அந்தச் சுமை கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

விற்பவர் பின்னால் அமர்ந்து வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள வண்டியில் பின்னால் அமர்பவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தேர்டு பார்ட்டி, ஓன் டேமேஜ் இரண்டும் சேர்ந்த முழுமையான பாலிசி என்றால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. முழுமையான பாலிசி இல்லாவிட்டால் அவரைப் பின்னால் ஏற்றாதீர்கள். உங்களோடு வரும் தம்பியோ நண்பரோ அவர் வீட்டிலேயே காத்திருக்கட்டும், நீங்கள் வந்த வண்டியும் அதன் சாவியும் அங்கேயே இருக்கட்டும். இதைவிட வலுவான உத்தரவாதம் எந்த முன்பணத்திலும் இல்லை என்பது என் கருத்து.

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் மறந்துவிடுவது ஓட்டிப் பார்ப்பவரின் உயிரைத்தான். பாலிசியோடு சேர்ந்து வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டும்போது மட்டுமே அவருக்குப் பயன்படும். உங்கள் சொந்த வண்டிக்கு நீங்கள் எடுத்திருக்கும் அதே காப்பீடும், உங்களுடையது அல்லாத இந்த வண்டிக்குத் துணைவராது. இரவல் வண்டியை ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் வைத்தே பார்க்கப்படுவார், எனவே அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் அவருடைய குடும்பம் இழப்பீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. வேறு எந்த வண்டியும் மோதாமல், மணலில் சறுக்கி நீங்கள் விழுந்தால், உங்கள் வீட்டாருக்கு அந்த வண்டியின் பாலிசியிலிருந்து எதுவும் வராது. ஆகவே தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று உங்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். அது வரும் வரை, வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவிலாவது சேர்ந்துவிடுங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும். தலைக்கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அவரிடம் இரவல் வாங்க வேண்டாம்.

இனி, அந்த 20,000 ரூபாய். ஓன் டேமேஜ் நடப்பில் இருந்தால், சிறு விபத்தில் உரிமையாளருக்கு உண்மையில் ஏற்படும் நட்டம், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்தும் காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தேய்மானமும், கிளெய்ம் செய்வதால் அவர் இழக்கும் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி)தான். அதற்கு, வண்டியைத் திருப்பித் தந்ததும் திரும்பக் கிடைக்கும் ஈட்டுத்தொகையாக 5,000 ரூபாய் போதும் என்று நினைக்கிறேன். ஓன் டேமேஜ் இல்லையென்றால் அவர் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. 10,000 வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால், வேறு வண்டி பாருங்கள்.

'எந்தச் சேதம் ஆனாலும்' என்ற வாசகத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, இன்னொருவர் பொருளைப் பெற்றவர் தன் பொருளைப் போல நியாயமான கவனத்துடன் அதைக் கையாண்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை சேதத்துக்கு அவர் பொறுப்பல்ல. அந்த வாசகமோ அப்படிப்பட்ட ஒப்பந்தமாகவே ஆகி, முன்பே பழுதாகியிருந்த பிரேக்கால் வண்டி விழுந்தாலும் உங்களையே பொறுப்பாக்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதிக்கொள்ளலாம்: 'இன்ன எண்ணுள்ள வண்டியை இன்ன தேதியில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை ஓட்டிப் பார்க்க ரூபாய் 5,000 ஈட்டுத்தொகை பெறப்பட்டது. வண்டி திரும்பியதும் முழுத் தொகையும் உடனே திருப்பித் தரப்படும். ஓட்டுபவரின் கவனக்குறைவால் சேதம் ஏற்பட்டால், உரிமையாளர் முதலில் காப்பீட்டில் கோருவார். அதில் கிடைக்காத செலவை மட்டும் ரசீதின்படி ஓட்டுபவர் தருவார்.' இருவரும் கையெழுத்திடுங்கள். கிளம்பும் முன் வண்டியை நான்கு பக்கமும் செல்பேசியில் படம் எடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஓட்டும்போது லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் ஒரிஜினலைக் கொடுக்க இயலாது என்று சொல்லுங்கள். நகலின் மேல் 'வண்டி ஓட்டிப் பார்க்க மட்டும்' என்று எழுதித் தேதியிட்டுக் கொடுத்தால் போதும்.

வண்டி பிடித்துப்போனால், ஈட்டுத்தொகையை அப்படியே விலைக்கான அட்வான்ஸாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாமல் முதலில் அதைத் திரும்ப வாங்கிவிட்டு, அட்வான்ஸுக்குத் தனி ரசீது கேளுங்கள். மீதிப் பணத்தை, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்திட்ட பிறகு வங்கி வழியாகக் கொடுங்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது.