டிரைவரைக் கொட்டகைக்கு வெளியே மாட்டுங்கள்

கேள்வி: ஐயா, ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில் மண்ணில்லா முறையில் லெட்யூஸ் கீரை வளர்த்து, இங்குள்ள விடுதிகளுக்கும் சேலத்தில் இரண்டு ஓட்டல்களுக்கும் கொடுக்கிறேன். 100 வாட் எல்.இ.டி. வளர்ப்பு விளக்குகள் 12 உள்ளன. எல்.இ.டி.கள் பதித்த பலகையும், மெயின் மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற பெட்டியும் சேர்ந்ததுதான் ஒரு விளக்கு. நாளுக்கு 12 மணி நேரம் எரிகின்றன. வாங்கி இரண்டேகால் வருடம் ஆகிறது. ஆடி மழை பிடித்ததிலிருந்து ஐந்து விளக்குகளில் கோளாறு. இரண்டு அடியோடு அணைந்துவிட்டன. இரண்டு, காலையில் சுவிட்சைப் போட்டதும் மினுக்கி மினுக்கிச் சிறிது நேரம் கழித்து நிலைக்கின்றன. ஒன்றில் பாதிப் பலகைதான் எரிகிறது. விற்ற கடையில் "டிரைவர் தனியாக வராது, முழு விளக்கையும் மாற்றுங்கள்" என்கிறார்கள். எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் "பெரிய டிரைவராகப் போட்டுத் தருகிறேன், வெளிச்சமும் கூடும்" என்கிறார். செடிகள் நெட்டையாகப் போகின்றன. யார் சொல்வதைக் கேட்பது? எந்த டிரைவர் வாங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகலூர்

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடைக்காரர் தமக்கு லாபமான வழியைச் சொல்கிறார். எலக்ட்ரீசியன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அதைச் செய்தால் பலகைகளும் போய்விடும். எந்த டிரைவர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டேகால் வருடத்தில் ஏன் ஐந்து போயின என்று நீங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் புது டிரைவர் வாங்கினால், அடுத்த மழைக்கு முன்பே மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

முதலில் அந்தப் பாதி எரியும் விளக்கு. இதைப் படித்து முடிப்பதற்குள் அதை அணைத்துவிடுங்கள். அந்தப் பலகையில் எல்.இ.டி.கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து ஒரே டிரைவரிலிருந்து மின்சாரம் வாங்குகின்றன. டிரைவரின் வேலை, குறித்த அளவு மின்னோட்டத்தை எப்பாடுபட்டாவது வெளியே தள்ளுவது. ஒரு வரிசை அறுந்துவிட்டால் அந்த வரிசைக்குப் போக வேண்டியதும் சேர்ந்து மீதி வரிசையில்தான் பாயும். எரிகிற பாதி இப்போது இரண்டு பேர் பங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. அங்கே கோளாறு டிரைவரில் இல்லை, பலகையில் இருக்கிறது. அணைந்த வரிசையை உற்றுப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளி விழுந்த எல்.இ.டி. ஒன்று அநேகமாகத் தென்படும்.

மற்ற நான்கிற்கும் சோதனைக் கருவி உங்களிடமே இருக்கிறது. பன்னிரண்டும் ஒரே மாதிரி விளக்குகள். நன்றாக எரிகிற ஒன்றின் டிரைவரைக் கழற்றிக் கெட்ட விளக்கின் பலகைக்குக் கொடுத்துப் பாருங்கள். எரிந்தால் பலகை நல்லது, அதன் பழைய டிரைவர்தான் கெட்டது. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. பலகையை இணைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைப் பலகையில் செருகினால், அதற்குள் தேங்கி நிற்கும் உச்ச அழுத்தம் ஒரே மூச்சில் எல்.இ.டி.களில் இறங்கும். நல்ல பலகையையும் சோதனை செய்கிறேன் என்று கொன்றுவிடலாம். கழற்றும்போதும் மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துக் கைவையுங்கள். 230 வோல்ட் மின்சாரம் டிரைவருக்குள் நேர்மின்சாரமாக மாறி 325 வோல்ட்டுக்கும் மேலாக நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய உடனே அது வடிந்துவிடாது.

காலையில் மினுக்கிவிட்டுப் பிறகு நிலைக்கும் இரண்டையும் சோதிக்காமலே சொல்லிவிடலாம். டிரைவருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டர் காய்ந்துகொண்டிருக்கிறது. காய்ந்த கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் கொஞ்சம் தேறும். மலைக் காலையில் மினுக்குவதும் பிறகு அடங்குவதும் அதனால்தான். இதற்கு நேர்மாறாக, நன்றாக எரிந்துகொண்டிருந்து முக்கால் மணி நேரம் கழித்து மினுக்கினால் அது சூட்டுக் கோளாறு. நேரம் காலம் இல்லாமல் மினுக்கினால் கனெக்டர்களைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும்.

இப்போது எந்த டிரைவர் என்பதற்கு வருகிறேன். வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய டிரைவரின் லேபிளில் வெளியீடு என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 1,400 மில்லி ஆம்பியர், 54–72 வோல்ட். மின்னோட்டம் அதே அளவோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும், கூடவே கூடாது. பலகை எரியும்போது மல்டிமீட்டரில் காட்டும் வோல்ட், புது டிரைவரின் வோல்ட் வரம்புக்குள் விளிம்பில் இல்லாமல் நடுவாக்கில் விழ வேண்டும். உள்ளீடு 100 முதல் 277 வோல்ட் வரை தாங்குவதாக இருக்கட்டும். 220–240 என்று மட்டும் போட்டது மலை லைனுக்கு ஆகாது. ஐ.எஸ். 15885 என்ற தர எண்ணும் அதனோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐசொலேட்டட் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். அப்படி இல்லாத மலிவு டிரைவரில் மெயின் மின்சாரத்துக்கும் பலகைக்கும் நடுவே தடுப்பு கிடையாது. ஈரக் கையோடு தட்டுகளை எடுக்கிற இடத்தில் அதை மாட்டுவது குற்றம் என்றே சொல்வேன்.

எலக்ட்ரீசியனின் 'பெரிய டிரைவர்' யோசனை, ஊற்று இல்லாத கிணற்றில் குதிரைத்திறன் கூடிய மோட்டாரை இறக்குவது போன்றது. 1,400க்குப் பதில் 2,100 கொடுத்தால் வெளிச்சம் ஒன்றரை மடங்கு ஆகாது, சூடு அதைவிடக் கூடும். உங்களுக்கு என் யோசனை நேர் எதிரானது. 1,050 மில்லி ஆம்பியர் டிரைவர் போட்டு, 12 மணி நேரத்தை 16 மணி நேரமாக்குங்கள். முக்கால் பங்கு மின்னோட்டத்தில் 16 மணி நேரம் என்பது முழு மின்னோட்டத்தில் 12 மணி நேரத்துக்குச் சமம். எல்.இ.டி. குறைந்த மின்னோட்டத்தில் கொஞ்சம் கூடுதல் திறனோடு எரியும் என்பதால் சற்று லாபமும் உண்டு. லெட்யூஸுக்கு 16 மணி நேர வெளிச்சம் பழக்கமானதுதான். அதற்கு முக்கியம் ஒரு நாளில் மொத்தமாகக் கிடைக்கும் ஒளி. பாதியை மாற்றிப் பாதியை விட்டால் கணக்கு குழம்பும். ஒரு அடுக்கு முழுவதும் ஒரே டிரைவராக இருக்கட்டும்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் டிரைவர்கள் எங்கே இருக்கின்றன? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். விளக்கின் முதுகிலேயே திருகி, தகரக் கூரைக்குக் கீழே, கீரையின் மூச்சு முழுவதும் மேலேறி வந்து தேங்கும் இடத்தில் இருக்கின்றன. எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தயாரிப்பாளர்களே அப்படித்தான் அனுப்புகிறார்கள். வளர்ப்பு விளக்கில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. டிரைவர் செடி இருக்கும் அறைக்குள் இருக்கக் கூடாது.

கெப்பாசிட்டர் கணக்கைப் பாருங்கள். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்ற தரத்தில் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விளக்கின் முதுகில் 95 டிகிரியில் வெந்தால் 10,000 மணி நேரம். உங்கள் விளக்குகள் இதுவரை எரிந்தது எத்தனை மணி நேரம்? நாளுக்கு 12 வீதம் இரண்டேகால் வருடம், 9,900க்குச் சற்றுக் குறைவு. அதே கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இருந்திருந்தால் 40,000 மணி நேரம். உங்கள் விளக்குகள் குறித்த நேரத்துக்குத்தான் போயிருக்கின்றன.

சூடு பாதிக் கதை, மீதி ஈரம். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 67 குறி போட்டிருக்கிறதே என்பீர்கள். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி எடுக்கும் சோதனை. உங்கள் டிரைவருக்கு நடப்பது வேறு. பகலெல்லாம் எரிந்து சூடாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒயர் நுழையும் இடுக்கு வழியே வெளியேறுகிறது. இரவில் அணைத்ததும் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுக்கிறது. ஏற்காட்டில் ஆடி, ஆவணி, ஐப்பசியில் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நூற்றுக்கணக்கான இரவுகள். சிலிகான் பசையை அள்ளிப் பூசினால் சரியாகிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராமல் அடைத்து வைக்கத்தான் அது உதவும்.

ஆகவே கொட்டகையின் வெளிச்சுவரில், சாரல் அடிக்காத பக்கத்தில், கூரை நீட்டத்துக்குக் கீழே ஓர் அலுமினியத் தகடு அடித்து, அதில் பன்னிரண்டையும் செங்குத்தாக மாட்டுங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டால் மறுபடி வேகும். எறும்பும் பல்லியும் ஏறாமல் நெருக்கமான கம்பி வலை போடுங்கள். ஒயரை முழுவதும் குழாய்க்குள் விடுங்கள். இல்லையென்றால் குரங்குகள் ஒரே நாளில் உருவிவிடும். தூரம் கூடினால் வெளிச்சம் குறையாதா என்று எலக்ட்ரீசியன் கேட்பார். குறையாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 மீட்டர் தள்ளி வைத்தாலும் 1,400 மில்லி ஆம்பியருக்கு இழப்பு அரை வோல்ட்டைக்கூடத் தொடாது. அதையும் டிரைவரே சரிக்கட்டிக்கொள்ளும். 12 அல்லது 24 வோல்ட் பட்டை விளக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தடித்த ஒயர் போட வேண்டும்.

அறைக்குள் டிரைவர் இல்லாவிட்டால் இன்னொரு வசதி. ஒன்று கெட்டால் ஏணி வைத்து, தட்டுகளை நகர்த்தி, கீரை மேல் திருகாணிகளைக் கொட்டி வேலை பார்க்க வேண்டியதில்லை. வெளியே நின்றபடி மாற்றிவிடலாம். 12 விளக்குக்கு இரண்டு உபரி டிரைவர்கள் கையில் இருக்கட்டும். மாட்டிய தேதியை ஒவ்வொன்றின் மேலும் எழுதி வையுங்கள்.

லைனைப் பற்றிச் சுருக்கமாக. மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரையிலும், ஊர் உறங்கிய பிறகும் வோல்ட்டேஜ் எடுத்துப் பாருங்கள். குறைந்தால் டிரைவர் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்து நியூட்ரல் அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கலாம். காப்பியைப் பூக்கவைக்கும் கோடை மழை இடியோடுதான் வரும். மெயின் சுவிட்ச் பலகையில், திடீரென எகிறும் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும். நல்ல எர்த் இல்லாமல் அது வெறும் அலங்காரம். பாறை மண்ணில் ஒற்றைக் கம்பி அடித்துவிட்டு எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து இணைத்து, கோடையில் குழிகளை நனைத்து வையுங்கள்.

மின்கசிவு கண்டதும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அப்படிச் செய்யும் எலக்ட்ரீசியனை அடுத்த முறை கொட்டகைக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு டிரைவரும் இயல்பாகவே ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவை எர்த்துக்கு அனுப்பும். பன்னிரண்டும் சேர்ந்து, ஈரமும் சேர்ந்தால் ஆர்.சி.சி.பி. விழத்தான் செய்யும். ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுங்கள்.

கடைக்காரர் விஷயம். டிரைவர் தனியாக வராது என்று சொல்லும் கடையில் விளக்கே வாங்கக் கூடாது. டிரைவர் தேய்ந்து மாற்றப்படும் பாகம். பம்புக்கு வாஷர் தர மாட்டேன், பம்பை மாற்று என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அவருக்கு அந்த லேபிளில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரியவில்லை, அல்லது படிக்க விருப்பமில்லை. உங்கள் விளக்கு உண்மையில் 100 வாட்தானா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நல்ல விளக்குகளில் ஐந்தை மட்டும் இரண்டு மணி நேரம் எரியவிட்டால் மீட்டர் ஒரு யூனிட் ஓட வேண்டும். அரை யூனிட்தான் ஓடுகிறது என்றால் செடி நெட்டையாவதற்குக் காரணம் கெட்டுப்போன டிரைவர்கள் மட்டுமில்லை. '1000 வாட்' என்று அட்டையில் போட்டு நூறு வாட்கூட இழுக்காத விளக்குகளை விற்பது இந்தத் தொழிலில் வாடிக்கையாகிவிட்டது.

அப்புறம், தகரக் கூரைக்குக் கீழே பகலில் ஏன் விளக்கு எரிகிறது? 12 விளக்குகள் நாளுக்கு 14 யூனிட்டுக்கு மேல் தின்கின்றன. கூரையில் சில தகரங்களை எடுத்துவிட்டு ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போட்டால், பனி மூடாத நாட்களில் நடுப்பகல் முழுவதும் விளக்குகளை அணைத்து வைக்கலாம். டிரைவரின் ஆயுளும் அந்த அளவுக்கு மிச்சம்.

இந்த வாரத்துக்கு: எரிகிற ஏழு விளக்குகளை இளம் நாற்றுகளுக்கு மேல் கொண்டுவாருங்கள், பலகைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். நெட்டையாகிவிட்ட செடிகளுக்கு இனி எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் தண்டு சுருங்காது. அவற்றைத் தலைக் கீரையாக விடாமல் இளங்கீரையாகவே அறுத்து விற்றுவிட்டு, தட்டுகளைக் கழுவிப் புதிதாக விதை போடுங்கள்.