எதிர்ப்பொருள் மருந்துகள்: கணினியும் ஆய்வகமும் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: கணினியே எதிர்ப்பொருளை வடிவமைக்கும்போது, ஆய்வகத்தில் கோடிக்கணக்கான வகைகளைச் சலிப்பது எதற்கு?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிர்ப்பொருள் (antibody) என்னும் புரதம் தன் இலக்கான மூலக்கூறைப் பற்றும் வளையம் ஒன்றில் 10 இடங்கள் உள்ளன என்றும், ஒவ்வோர் இடத்திலும் புரதத்தின் கட்டுமான அலகுகளான 20 அமினோ அமிலங்களில் எதுவும் வரலாம் என்றும் கொண்டால், ஏறத்தாழ 10 லட்சம் கோடி வரிசைகள் கிடைக்கும். பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ்களின் மேற்பரப்பில் எதிர்ப்பொருள் துண்டுகளை ஏற்றிச் சலிக்கும் முறையில், பெரிய தொகுப்பும் ஆயிரம் கோடி அளவில் நின்றுவிடும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்தப் பங்கைச் செய்து பார்ப்பது என்று சொல்வதுதான் கணினியின் வேலை. சலிக்கும் முறை பழையது என்று ஒதுக்கிவிட முடியாது. 2002-இல் அனுமதி பெற்ற அடாலிமுமாப் என்ற மூட்டுவாத எதிர்ப்பொருள் மருந்து அந்த வழியில் வந்ததே. ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெகரி வின்டரும் 2018-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அந்த முறைக்காகத்தான்.

கேள்வி: கணினி காட்டும் கட்டமைப்பை எவ்வளவு நம்பலாம்?

எதிர்ப்பொருளின் ஒரு பற்றும் முனையில் உள்ள ஆறு வளையங்களில் ஐந்து பெரும்பாலும் அறிந்த சில வடிவங்களுக்குள் அடங்கிவிடும். எதிர்ப்பொருளின் இரு வகைச் சங்கிலிகளில் பெரியதான கனச் சங்கிலியின் மூன்றாம் வளையம் அப்படி அடங்குவதில்லை. பல வேளைகளில் பற்றுதலுக்கு மையமும் அதுவே. இலக்கைத் தொடுவதாகக் கணினி காட்டும் அமினோ அமிலத்தை அலனின் என்ற சிறிய அமினோ அமிலமாக மாற்றி, பற்றுதல் குறைகிறதா என்று அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் அந்தக் கணினி மாதிரியை வைத்து மேற்கொண்டு வடிவமைக்காதீர்கள்.

கேள்வி: மிக வலுவாகப் பற்றிய எதிர்ப்பொருளையும் கைவிடுகிறார்களே, ஏன்?

பற்றுதல் மட்டும் ஒரு மூலக்கூறை மருந்தாக்கிவிடாது. வளையத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அடுத்துக் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், சேமிப்பின்போது அஸ்பராஜின் தன் அமைடை இழந்து அமிலமாக மாறக்கூடும். அந்த இடம் இலக்கைத் தொடுவதாக இருந்தால் பற்றுதலே போய்விடும். இந்த இணையை வரிசையிலேயே கணினி நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால் மாற்றம் உண்மையில் நிகழ்கிறதா என்பது, கரைசலை 40 டிகிரியில் சில வாரங்கள் வைத்து மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியில் (mass spectrometer) பார்த்தால்தான் தெரியும். எச்சரிக்கை வந்ததுமே நல்ல மூலக்கூறைத் தூக்கி எறிவதும் தவறு என்பது என் உறுதியான கருத்து. பாகுத்தன்மையும் இப்படிப்பட்ட சிக்கல்தான்: தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கும் மேல் கரைக்க நேரும்போது, சில எதிர்ப்பொருள்கள் தேன்போல் கெட்டிப்படுகின்றன.

கேள்வி: பற்றாத வகைகளின் தரவையும் கணினிக்குக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் கொடுக்க வேண்டும். வெற்றி பெற்றவற்றை மட்டும் படித்த மாதிரிக்குத் தோல்வி எப்படியிருக்கும் என்பதே தெரியாது. தோற்றவற்றைக் குறிப்பேட்டில்கூட ஏற்றாமல் விடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: செல்லில் உருவாகாமலே போன எதிர்ப்பொருளையும், நன்கு உருவாகியும் பற்றாத எதிர்ப்பொருளையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்.